மூணு முழம் தள்ளிய பூப்பாத்தி

பக்கீர் முகைதீன் மண்வெட்டி பிடித்து எங்கள் தெரு கண்டதில்லை. கடையில் ஒரு சீனி மூட்டையை நகர்த்துவதென்றாலும் ஆள் வைத்துத்தான் நகர்த்துவார். அப்படிப்பட்டவர் சுபஹ் தொழுதுவிட்டு வந்த கையோடு சாரத்தை மடித்துக் கட்டி, முற்றத்தில் இறங்கிப் பூப்பாத்தி கொத்துகிறார் என்றால், அதில் பூவைத் தவிர வேறென்னவோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டுவிட்டது.

நான் பார்க்கவென்று போகவில்லை. என் வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம், அவர் வீடு அந்தப் பக்கம். நடுவில் இருந்த என் கிடுகு வேலியைச் சூறாவளி எங்கேயோ கொண்டுபோய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு முற்றம் கூட்ட முடியுமா?

சூறாவளி அடித்தது எழுபத்தெட்டுக் கார்த்திகையில். இது அடுத்து வந்த பங்குனி. கல்முனைக் கரையில் தலையுள்ள தென்னை ஒன்றைக் காட்டுவது கஷ்டமாக இருந்தது. மழை ஓய்ந்து, சூறாவளிக்குத் தப்பிய நெல் வேளாண்மையை வெட்டி முடித்ததும், எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பூக்கன்று ஆசை பிடித்துக்கொண்டது. கூரையே சரியாகப் போடாத வீட்டுக்கு ரோசா எதற்கு என்று இரண்டொருவரிடம் நானே கேட்டேன். கேட்டுவிட்டு நானும் வாடாமல்லி விதை தேடி அலைந்தேன். ஆனால் நிழல் போன மணலில் கன்று பிடிப்பது லேசில்லை. நட்ட கையோடு அடியில் வைக்கோலைக் கனமாகப் பரப்பி மூடிவிட வேண்டும். மூடாத பாத்தி பகல் சோற்றுக்கு முன்னமே வெந்துவிடும்.

பக்கீர் முகைதீன் அதற்கும் ஆயத்தமாகத்தான் இருந்தார். முதல் நாள் பின்னேரம் ஒரு வண்டி வைக்கோல் வந்து இறங்கியிருந்தது. அவருடைய பெண்டாட்டி சபூறாதான் வண்டிக்காரனுக்கு இடம் காட்டினாள். வைக்கோல், வளவுக்கு வாசலான ரோட்டோரக் கடப்படிக்குப் பக்கத்தில், என் கண்ணைப் பாதி மறைக்கிற மாதிரி ஒரு குவியலாகக் கிடந்தது. அது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

அந்த வளவில் இரண்டு வீடு. இரண்டும் அக்கா தங்கைக்கு உம்மா கொடுத்த சீதன வீடுகள். வடக்கு வீடு மூத்தவள் ஹாஜறாவுக்கு, தெற்கு வீடு சபூறாவுக்கு. காணி உறுதிப் பத்திரத்தில் இருவர் பேரும் ஒன்றாகத்தான் கிடந்தது. பிரித்துக் கொடுத்தது உம்மாவின் வாய், அடையாளம் நடுவில் அவ போட்ட பூப்பாத்தி. கூடப் பிறந்ததுகளுக்கு நடுவில் வேலி எதற்கு, பூ இருக்கட்டும் என்றாவாம். அவ மவுத்தாகிப் பல வருடம். சூறாவளியில் அந்தப் பாத்தியின் மேல் தென்னைகள் விழுந்தன. விழுந்த மரங்களை இழுக்க டிராக்டர் வந்து மிதித்தது. கடைசியில் பாத்தி இருந்த இடமும் முற்றமும் ஒரே மணலாகிவிட்டது.

அந்த டிராக்டர் பக்கீர் முகைதீனுடையதுதான். பழையது, சூறாவளிக்குப் பிறகு வாங்கியது. அதை இழுவைப் பெட்டியோடு பின்வளவுக்குக் கொண்டுபோக அவருக்கு வழி போதவில்லை. தெருவுக்கே தெரியும்.

அதனால் அன்று காலை நான் விளக்குமாற்றைப் பிடித்தபடி அளந்து பார்த்தேன். அவர் முதலில் பழைய இடத்தைக் கொத்தினார். கொத்தக் கொத்தக் கறுத்த கட்டி கட்டியாக ஏதோ வந்தது. சூறாவளிக் குப்பை என்று நினைத்தேன். சபூறா அதைக் கூடையில் அள்ளி அள்ளிக் குசினிப் பக்கம் கொண்டுபோனாள். முகம் நிமிரவேயில்லை. பிறகு அவர் அந்த இடத்தை மட்டமாக்கி மிதித்துவிட்டு, ஹாஜறாவின் வீட்டுப் பக்கம் மூணு முழம் தள்ளிப் புதுப்பாத்தி வெட்டத் தொடங்கினார்.

அடுத்தவர் வளவில் பாத்தி வெட்டுகிற ஆளைப் பார்த்து யாராவது கத்த வேண்டும். கத்த வேண்டியவள் ஹாஜறா. அவளோ இத்தாவில் இருந்தாள். அவளுடைய புருஷன் ஸைனுலாப்தீன் சூறாவளி இரவில் சுவர் விழுந்து மவுத்து. புருஷன் மவுத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிடக்கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. தங்கை புருஷனும் அந்தக் கணக்கில் அந்நியன்தான். எங்கள் ஊரில் அவள் குரலும் வெளியே கேட்கக்கூடாது என்பார்கள். இத்தா முடிய இன்னும் இரண்டு மூன்று கிழமை இருந்தது. பக்கீர் முகைதீனுக்கு அதற்கிடையில் பாத்தி வேர் பிடித்தால் போதும்.

வெயில் ஏறும்போது ஞானராணி வந்தாள். வேதக்காரப் பிள்ளை, மெதடிஸ்த கோயிலடியில் தையல் தைப்பவள். ஹாஜறாவும் அவளும் வருடக்கணக்காகப் பூக்கன்று மாற்றிக்கொள்கிற சிநேகிதிகள். ஈரச் சாக்கில் ரோசாத் தடிகளும் குரோட்டன் கிளைகளும் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கடப்படியில் நின்று புதுப்பாத்தியைப் பார்த்தாள். பிறகு நேரே வடக்கு வீட்டுக் குசினி யன்னலுக்குப் போனாள். நானும் போனேன். தேங்காய்ப் பால் பிழிய ஒரு சீலைத் துண்டு கேட்கத்தான்.

யன்னல் கம்பிக்குப் பின்னால் ஹாஜறா வெள்ளைச் சீலையில் நின்றாள். கண் மட்டும் வெளியில் இருந்தது.

"ராணி, அவரு எவ்வளவு தள்ளி வெட்டுறாரு?"

"மூணு முழம் வரும் ஹாஜறாக்கா."

"நல்லாப் பாத்தியா புள்ள?"

"மூணுதான், கூடினாலும் குறையாது" என்றேன் நான். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் காலையிலிருந்து பார்த்தவள் நான்.

ஹாஜறா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப என்ட செவருக்கும் பாத்திக்கும் நடுவுல என்ன மிஞ்சும் மாமி? ஒரு ஆள் சரிஞ்சி போகலாம். வண்டி போகுமா? கல்லு மண் போகுமா? பின்வளவுல அவரு என்ட புள்ளைக்கு அத்திவாரம் போட்டு வச்சிட்டுத்தானே மவுத்தாப் போனாரு. பாதை இல்லாத ஊட்டுக்கு எந்த மாப்புள வருவான்?"

விசயம் அவ்வளவுதான். மகள் சுபைறாவுக்குச் சாய்ந்தமருதில் ஒரு இடம் பேசி வைத்திருந்தார்கள். வீடு முடிந்தால் கலியாணம். வீடு முடிய வேண்டுமென்றால் பாதை வேண்டும். அந்தப் பாதை இப்போது பக்கீர் முகைதீனின் மண்வெட்டிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. சுபைறா குசினி மூலையில் வெங்காயம் உரித்தபடி நின்றாள். வெங்காயம் எப்போதோ முடிந்திருந்தது, அவள் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஞானராணி சாக்கை இறக்கினாள். "நான் பழைய இடத்துல நடுறன். நட்டா நட்டதுதான்."

"நீ நட்டா அவரு புடுங்குவாரு" என்றேன்.

"புடுங்கட்டும், பாப்பம்."

போனாள். மட்டமாக்கி மிதித்த இடத்தில் முழங்கால் போட்டு ஒரு ரோசாத் தடியை ஊன்றினாள். பக்கீர் முகைதீன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குப் பயமிருந்திருக்காது.

"என்ன தங்கச்சி, எங்கட முத்தத்துல?"

"இது பழைய பாத்தி."

"பழைய பாத்தி இந்தா இரிக்கி" என்று தான் வெட்டிய புதுக்குழியைக் காட்டினார். "சூறாவளியில மூடுபட்டுப் போச்சி. நான் திறந்து எடுக்கிறன். நீங்க ஒங்கட கோயில் பூவப் பாருங்க, பெரிய வெள்ளி வருதுதானே."

குனிந்து அந்த ரோசாத் தடியை மெதுவாக, வேர்விட்ட கன்றைப் போல இரண்டு விரலால் பிடுங்கி, அவள் சாக்கின் மேல் வைத்தார். ஞானராணியின் காது சிவந்துவிட்டது. நான் ரோட்டைப் பார்த்தேன். ரோட்டில் ஒன்றுமில்லை.

பின்னேரத்துக்குள் புதுப்பாத்தியில் கன்றுகள் நின்றன. சபூறாவை நடச் சொன்னார், அவள் நட்டாள். வைக்கோலைக் கொண்டுவந்து மூடச் சொன்னார், மூடினாள். வைக்கோல் மேலே கிடந்தால் புதுமண் தெரியாது, நாலைந்து வருடப் பாத்தி மாதிரித்தான் இருக்கும். அந்த மனிசனுக்கு மூளை இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கடப்படிக் குவியலிலிருந்து பாதி வைக்கோல் போயிற்று. மீதிப் பாதியை எடுக்கப் போனவரிடம், "அது கிடக்கட்டும், வாடினா திரும்பப் போடத் தேவ" என்று சபூறா சொன்னது என் காதிலும் விழுந்தது. அன்று முழுவதும் அவள் பேசியது அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் வேலிக் கட்டைகளும் முள்ளுக்கம்பிச் சுருளும் வந்து இறங்கின. பாத்தி ஓரத்தில் நாளைக் காலை வேலி. வேலி விழுந்துவிட்டால் அதைக் கழற்ற வழக்குப் போட்டுக் கோட்டுக்குப் போக வேண்டும். கோட்டுக்குப் போன வேலியைப் பேரப்பிள்ளைதான் கழற்றும்.

ஹாஜறா என்னை யன்னலுக்குக் கூப்பிட்டாள். "மாமி, மரைக்காரக் கூட்டிட்டு வாங்க. நாளைக்கு விடியக்குள்ள. ஆணி அடிக்கிறத்துக்கு முதல்."

அபுல் ஹஸன் மரைக்கார் அந்த இரண்டு பெண்களின் தாய்வழிக் குடிக்கு மரைக்கார். பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் வழக்குத் தீர்க்க ஒருவர் இருப்பாரே, அப்படி. சகோதரிகள் இருவரும் ஒரே குடி, ஆகவே இருவருக்கும் அவர்தான். பக்கீர் முகைதீன் வேறு குடி, ஆனால் பெண்டாட்டி வளவில் இருக்கிறவர் பெண்டாட்டியின் மரைக்காரை மதிக்கத்தான் வேண்டும். மரைக்காருக்குத் தீர்ப்புச் சொல்வதென்றாலே ஆகாது. இரண்டு பக்கமும் சாப்பிட்ட மனிசன். நான் போய் அவர் வீட்டு வாசலில் நின்று, அவர் வெற்றிலை போட்டு முடியும்வரை நகரவில்லை. வேறு வழியில்லாமல் வந்தார்.

காலையில் முற்றத்தில் மரைக்கார், பக்கீர் முகைதீன், வேலி போட வந்த இரண்டு கூலிக்காரர். வடக்கு வீட்டு வாசலில் நான், எனக்குப் பின்னால் ஞானராணி, கதவுக்குப் பின்னால் ஹாஜறா. தெற்கு வீட்டுக் குசினியில் சபூறாவின் அம்மிச் சத்தம் கேட்டது.

"பாத்தி இதுதானா?" என்றார் மரைக்கார்.

"இதுதான் மரைக்கார். நீங்களே பாருங்க, கன்று நிக்கிது."

"நேத்து நட்ட கன்று" என்றேன்.

"நட்டது நேத்துதான். பாத்தி பழசு" என்றார் பக்கீர் முகைதீன். "மாமிக்கு ரோட்டுக்கு அங்கால இரிந்து பாத்தா மூணு முழம் தெரியுமா? தெரிஞ்சா மாமிய சர்வே கந்தோருல வேலைக்குச் சேக்கலாம்."

கூலிக்காரர் இருவரும் சிரித்தார்கள். மரைக்காரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குப் பதில் வாயில் இருந்தது. ஆனால் அந்த நேரம் கதவுக்குப் பின்னாலிருந்து என் முந்தானை இழுபட்டது.

"மாமி, மரைக்காருகிட்ட சொல்லுங்க. உம்மா பாத்தி போட்ட நேரம் அடியில தேங்காப் பொச்சுமட்டை புதைச்சவ. ரெண்டு அடுக்கு, வாய் மேல பாக்க. மணல்ல தண்ணி நிக்கட்டுமெண்டு. நானும் சபூறாவும்தான் சுமந்து குடுத்த. மட்டை எங்க கிடக்குதோ அங்கதான் பாத்தி."

நான் சொன்னேன், ஒரு சொல்லும் குறையாமல். மரைக்காரின் முகம் கொஞ்சம் தெளிந்தது. மட்டை சொன்னால் அவர் சொல்லத் தேவையில்லை.

பக்கீர் முகைதீன் தாடியைத் தடவினார். "நல்ல கதைதான். தோண்டிப் பாக்கலாம். ஆனா மரைக்கார், நான் தோண்டினா நான் ஒளிச்சன் எண்டுவாங்க. கூலியாள் தோண்டினா என்ட கூலியாள் எண்டுவாங்க. இந்த வேதக்காரப் புள்ள தோண்டினா நான் ஒப்புக்கொள்ள மாட்டன். மச்சி தன்ட கையால தோண்டிக் காட்டட்டும். மட்டை வந்தா வேலி அங்க. நான் மறுக்கல்ல."

சொல்லிவிட்டு வடக்கு வீட்டுக் கதவைப் பார்த்துப் புன்னகைத்தார். மச்சி வெளியே வரமாட்டாள், வர முடியாது. அதுதான் அந்தப் புன்னகை. அது மட்டுமில்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

உள்ளே பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. ஹாஜறா மடிப்புக் குலையாத பெரிய வெள்ளைக் கட்டில் சீலை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மூலைக்கு ஒரு ஆள் பிடிங்க. நடுவுல நான் வாறன்."

"புள்ள, ஒனக்குப் பைத்தியமா? இத்தாவுல இரிக்கிற பொம்புள முத்தத்துல நடக்கிறதா? இந்தக் கதை சாய்ந்தமருதுக்குப் போனா அந்த மாப்புள ஊட்டார் என்ன சொல்லுவாங்க?"

"கதை போறதெண்டா ஒங்கட வாயாலதானே மாமி போகணும்" என்றாள் ஹாஜறா. "நீங்களும் ஒரு மூலையப் பிடிங்க. வாய்க்கும் கைக்கும் ஒரே நேரத்துல வேலை குடுங்க."

என்ன பேச்சு அது, வயதில் மூத்தவளைப் பார்த்து! ஆனால் மூலையைப் பிடித்தேன். பிடிக்காமல் இருந்தால் சீலைக்குள் நடப்பதைப் பார்க்க முடியாது.

மரைக்காரிடம் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வானத்தைப் பார்த்தார். "தேவைக்கு, பகல்ல, மறைவோட வரலாம் எண்டு கிதாபுல இரிக்கி. ஆம்புளயள் பாக்கப்படாது. நாங்க ரோட்டப் பாத்துத் திரும்பி நிப்பம். பக்கீர், நீங்களும்தான்."

பக்கீர் முகைதீனின் புன்னகை அப்போதுதான் ஒரு பக்கம் சரிந்தது. ஆனாலும் திரும்பினார். நாலு ஆண்கள் வரிசையாக, ரோட்டைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தெருவில் சைக்கிளில் போன ஒருவன் இவர்களைப் பார்த்து சலாம் சொல்லிவிட்டு, ஏன் பதில் வரவில்லை என்று யோசித்துக்கொண்டே போனான்.

ஞானராணி ஒரு மூலை. நான் ஒரு மூலை. சுபைறா ஒரு மூலை. நாலாவது மூலை தொங்கியது, அது தெற்குப் பக்கம், ஆண்களுக்குக் கிட்ட. சீலை ஒரு பக்கம் திறந்து கிடந்தால் மறைவு எப்படி மறைவாகும்? ஹாஜறா படியில் நின்றாள். கடல் காற்று வேறு எழும்பிவிட்டது. சீலை படபடவென்று அடித்தது, சுபைறா தன் மூலையை இரண்டு கையாலும் பிடித்தாள். பக்கீர் முகைதீன் கழுத்தைத் திருப்பாமலே, "முடிஞ்சுதா?" என்றார்.

அப்போதுதான் தெற்கு வீட்டில் அம்மிச் சத்தம் நின்றிருந்தது என்பதைக் கவனித்தேன். சபூறா கொச்சிக்காய் அரைத்த கையைத் தன் சீலையில் துடைத்தபடி வந்தாள். வெறுங்கால், சத்தமில்லை. யாரையும் பார்க்கவில்லை. தொங்கிய மூலையை எடுத்துப் பிடித்தாள்.

ஹாஜறா தங்கையைப் பார்த்தாள். தங்கை மணலைப் பார்த்தாள். நாங்கள் நடந்தோம்.

மட்டமாக்கி மிதித்த பழைய இடத்தில் ஹாஜறா குந்தி, பிடி முறிந்த மண்வெட்டியால் தோண்டினாள். மணல் வந்தது. இன்னும் தோண்டினாள். மணல்தான். ஒரு அடி கீழேயும் வெறும் மணல். பக்கத்தில் தோண்டினாள், அங்கேயும் இல்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது. அந்த நேரம்தான் முதல் நாள் கூடையில் போன கறுத்த கட்டிகள் எனக்கு விளங்கின. அவர் மட்டைகளை முன்கூட்டியே எடுத்துவிட்டார். எடுத்துவிட்டுத்தான் தோண்டிக் காட்டச் சொன்னார். அவற்றைச் சுமந்தவள் நாலாவது மூலையில் நின்றாள்.

"மட்டை வந்துதா மச்சி?" என்று ரோட்டைப் பார்த்துக் கேட்டார் பக்கீர் முகைதீன். குரல் தேன் மாதிரி இருந்தது.

ஹாஜறா மணல் அப்பிய கையை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். சுபைறா அழத் தொடங்கினாள், சத்தம் வராத அழுகை. ஞானராணி உதட்டைக் கடித்தாள். நான் நினைத்தேன்: முடிந்தது. இத்தாவும் கெட்டது, பாதையும் போனது, சாய்ந்தமருதும் போகும்.

என் கையில் சீலை இழுபட்டது.

காற்று என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. சபூறா நடந்தாள். தன் மூலையைப் பிடித்தபடி, கடப்படிப் பக்கமாக ஓரெட்டு, இன்னொரு எட்டு. ஒரு மூலை நடந்தால் மற்ற மூன்றும் நடக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருப்பவள் வெளியே தெரிவாள். நாங்கள் நடந்தோம். ஹாஜறா குந்தியபடியே நகர்ந்து வந்தாள். ஆண்களின் முதுகுக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில், மிஞ்சிக் கிடந்த வைக்கோல் குவியலடியில் சபூறா நின்றாள். காலால் வைக்கோலை விலக்கினாள், இரண்டு தரம். பிறகு அந்த இடத்தில் பெருவிரலை அழுத்தி வைத்து எடுத்தாள்.

பழைய பாத்தியின் ரோட்டோர முனை அது. வைக்கோல் கிடந்ததால் அந்த இடத்தை மட்டும் பக்கீர் முகைதீன் கொத்தவில்லை.

ஹாஜறா மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டினாள். ஒரு சாண்கூட இல்லை. கறுத்து, நார் இற்று, மல்லிகை வேர் ஊடுருவிய ஒரு பொச்சுமட்டை வந்தது. வாய் மேலே பார்த்தபடி. அதற்குக் கீழே இன்னொன்று. சீலைக்கு அடியால் அதை வெளியே தள்ளினாள், அது உருண்டு மரைக்காரின் செருப்பில் முட்டியது.

மரைக்கார் துள்ளிவிட்டார். குனிந்து எடுத்துப் பார்த்தார். "மட்டை" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன மிகச் சின்னத் தீர்ப்பு அதுதான். அடுத்தது உருண்டது, அதற்கடுத்தது. நாலாவதையும் பார்த்துவிட்டு, "காணும் மகள், காணும், விளங்கிட்டு" என்றார்.

பக்கீர் முகைதீனின் முதுகை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரும்ப நினைத்தார், மரைக்கார் கையை நீட்டித் தடுத்தார். "பொறுங்க. மச்சி உள்ளுக்குப் போகட்டும்."

ஹாஜறாவை உள்ளே கொண்டுபோய் விட்டோம். நாலாவது மூலை என் கைக்கு வந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது தெற்கு வீட்டில் அம்மிச் சத்தம் மறுபடியும் தொடங்கியிருந்தது.

மட்டை கிடந்த இடத்திலிருந்து வீட்டுப் பக்கமாக நேரே கயிறு பிடித்து, மரைக்காரே முளை அடித்தார். பக்கீர் முகைதீன் கயிற்றைப் பார்த்தார், வைக்கோலைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். பிறகு டிராக்டரில் ஏறி, கூலிக்காரரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சோற்றுக்கு வரவில்லை. தாய் வீட்டுக்குப் போனார் என்று பின்னால் கேள்விப்பட்டேன், ஆள் அனுப்பிக் கேட்டதில்தான்.

புருஷன் தாய் வீட்டுக்குப் போவதென்றால் எங்கள் பக்கத்தில் அது சின்ன விசயமில்லை. வீடு பெண்ணுடையது, சரி. ஆனால் போனவர் திரும்பி வர வேண்டும். சபூறாவுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் உச்சி வெயிலில் புதுப்பாத்தியில் இறங்கி, அவள் நட்ட கன்றுகளை மண்ணோடு கிளப்பிக் கயிற்றடிக்குக் கொண்டுபோய் நட்டுக்கொண்டிருந்தாள். ஞானராணியும் தன் ரோசாத் தடிகளோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

வடக்கு வீட்டு யன்னல் திறந்தது.

"எலா சபூறா, தண்ணி ஊத்தாம வைக்கல் போடாத. கன்று புழுங்கிச் சாகும்."

"எனக்குத் தெரியும் ராத்தா."

"தெரிஞ்சா ஏன் தடியோட முட்ட வைக்கிற? நாலு விரல் தள்ளிப் போடு. அழுகிப் போகும்."

"நீங்க உள்ளுக்க இரிங்க. இத்தாவுல இரிக்கிறவவுக்கு யன்னல்ல என்ன வேலை?"

யன்னல் சாத்தப்படவில்லை. சபூறா வைக்கோலை நாலு விரல் தள்ளிப் போட்டாள். தலையிலிருந்து கால்வரை அவளில் வைக்கோல் ஒட்டாத இடமில்லை.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்ல முன்னம் டிராக்டர் வந்தது. ரோட்டில், என் வாசலடியில் நின்றது. பக்கீர் முகைதீன் இறங்காமல் இருந்தார். கண் முற்றத்தில் இருந்தது, கேள்வி எனக்கு வந்தது.

"மாமி. சீலைக்கு நாலு மூலை."

"ஓம் மகன்."

"நீங்க, அந்தத் தையல்காரப் புள்ள, சுபைறா. மூணு பேரு. நாலாவது மூலையப் பிடிச்ச யாரு?"

நாற்பது வருடமாக இந்தத் தெருவில் யார் என்ன கேட்டாலும் பதில் சொன்னவள் நான். கேட்காததற்கும் சொன்னவள். அந்தப் பக்கம் சபூறாவின் கை வைக்கோலில் அப்படியே நின்றிருந்தது. அவளுக்குக் கேட்டிருக்கும். யன்னலுக்கும் கேட்டிருக்கும்.

"யன்னல் கம்பியில முடிஞ்சிருந்திச்சி மகன்" என்றேன்.

"யன்னல்லயிருந்து கடப்படி வரைக்குமா?"

"பெரிய சீலை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் என் வாயை மூடி வைத்திருந்தேன். அப்படி ஒரு காட்சியை அவர் அதற்கு முன் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. இந்தக் கதையை அதற்குப் பிறகு நான் ஞானராணியிடம் மட்டும்தான் சொன்னேன். அவளும் அங்கேதான் இருந்தாள்.

அவர் இறங்கி ரோட்டைக் கடந்து கடப்படிக்குப் போனார். சபூறா எழும்பவில்லை, தலையைத் தூக்கவுமில்லை.

"டிராக்டர் மிசின ரோட்டுல விடுங்க" என்றாள். "சோறு மூடி வச்சிரிக்கி."

அவர் நின்றார். அவருக்கும் வாசலுக்கும் நடுவில் மரைக்கார் பிடித்த கயிறு, கயிற்றடியில் வாடித் தலை தொங்கிய கன்றுகள், அவற்றைச் சுற்றி இன்னும் ஈரம் காயாத வைக்கோல். ஒரு மிதி மிதித்தால் போதும். நான் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு அவருடைய வலது காலை மட்டும் பார்த்தேன். செருப்பு மெதுவாகக் கிளம்பியது. சாரத்தை ஒரு கையால் கொஞ்சம் தூக்கினார். வைக்கோலின் மேல் அல்ல, அந்தப் பக்கத்து மணலில் காலை வைத்தார்.